கடைசிச் சரணத்தில் அரைக் கட்டை ஏறினால்: இரண்டு ஆர்கனா, ஒரு குரோமாட்டிக்கா?

என் அக்கா மகனுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகிறது. காட்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொகை சேர்த்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருவரும் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தோம். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்தப் பணத்துக்கு ஒரு குரோமாட்டிக் வாங்கிடட்டுமா? இல்ல, சின்ன ஆர்கனா வேற வேற கீ-ல நாலு வாங்கி, சோலோ நடுவுல மாத்தி மாத்தி வாசிக்கட்டுமா?"

குரோமாட்டிக் என்றால் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து, பன்னிரண்டு ஸ்வரமும் எடுக்கும்படி செய்த மவுத் ஆர்கன். மாடியிலேயே ஒரு பதில் சொன்னேன். இரவு படுத்த பிறகு அது அரைகுறைப் பதில் என்று பட்டது. பதினெட்டு வருடமாக மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். சோலோ நடுவே ஸ்ருதி மாறும் இடத்தைத் தாண்ட இருக்கும் வழிகளில் பெரும்பாலானவற்றை ஏதாவது ஒரு மேடையில் முயன்று பார்த்திருக்கிறேன். அதனால் உட்கார்ந்து விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் சொன்ன சின்ன ஆர்கன், அதாவது பத்துத் துளை ஆர்கன், ஒரு ஸ்ருதிக்கென்றே செய்யப்பட்டது. பத்துத் துளை, இருபது ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோக நாக்கு). ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு ஸ்வரம், உள்ளே இழுத்தால் இன்னொன்று. சி ஆர்கன் என்றால் நம் கணக்கில் 1 கட்டை (ஸ்ருதியின் உயரத்தை நாம் கட்டைக் கணக்கில் சொல்கிறோம்). கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் அதில் உண்டு, கறுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லை. மேடையில் பாடகர் "அண்ணா, இன்னிக்குத் தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டுவார். கிட்டார்காரர் கேப்போவை நகர்த்துவார். மவுத் ஆர்கன்காரன் மட்டும் கையில் இருக்கும் கருவியையே மாற்ற வேண்டும். பாட்டு தொடங்கும் முன் என்றால் ஒன்றும் பிரச்சினை இல்லை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஸ்ருதி ஏறும் பாட்டில், நம் சோலோ நடுவிலேயே அது ஏறினால்தான் திண்டாட்டம்.

இன்னும் இரண்டு விதமான தேவைகள் உண்டு. ஸ்ருதி மாறாமலே ஒரே ஒரு அன்னிய ஸ்வரம் வந்து நிற்கும். அது நம் ஆர்கனில் இருக்காது. அல்லது மெட்டு கீழ் ஸ்தாயிக்கு இறங்கும். சி ஆர்கனின் முதல் மூன்று துளைகளில் ச ரி க ப நி மட்டும்தான் கிடைக்கும். ம-வும் த-வும் அங்கே கிடையாது. ஹம்சத்வனி வாசிக்கிறவருக்கு அந்த ஐந்து ஸ்வரமும் அளந்து கொடுத்தது போல அமைந்துவிடும். மோகனம் வாசிக்கிறவர் அதே இடத்தில் தைவதத்தைத் தேடித் தவிப்பார்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்கச் சொல்வேன். உண்மையிலேயே ஆர்கன் மாற வேண்டிய இடமா அது? கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குக் கிரக பேதம் புதிதல்ல. ஸ்வரங்களை அப்படியே வைத்து, ஷட்ஜமத்தை (ச-வை) மட்டும் இடம் மாற்றினால் வேறு ராகம் வருவதுதான் அது. அதே சி ஆர்கனில் சி-யை ஷட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். டி-யை ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, ஈ-யை வைத்தால் தோடி, எஃப்-ஐ வைத்தால் கல்யாணி, ஜி-யை வைத்தால் ஹரிகாம்போதி, ஏ-யை வைத்தால் நடபைரவி. மேல்நாட்டு ஆர்கன்காரர்கள் இதையே முதல் பொசிஷன், இரண்டாம் பொசிஷன், மூன்றாம் பொசிஷன் என்று எண்ணிச் சொல்கிறார்கள். பல்லவி ஏ மைனரில் இருந்து சரணம் சி மேஜருக்குப் போனால் ஆர்கனைத் தொடவே வேண்டாம், ஷட்ஜமம் மட்டும் இடம் மாறுகிறது. எங்கள் குழுவின் பாட்டு நோட்டை ஒருநாள் எடுத்துவைத்துப் பார்த்தேன். நான் பதறிப்போய் ஆர்கன் மாற்றிக்கொண்டிருந்த இடங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஒரே ஆர்கனில் மூச்சின் போக்கை மாற்றினால் போதுமாக இருந்தது. இது தெரியாமல் எத்தனை வருடம் போயிற்று என்று இன்றும் வருத்தப்படுகிறேன். அதனால்தான் அவனுக்கு முதல் பாடமாகவே இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

சரி, உண்மையாகவே மாற வேண்டிய இடம் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒன்றைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பது. ஆர்கனின் முழுக் குரலும் நமக்குக் கிடைக்கும். கையைக் கூப்பி மூடித் திறந்து ஒலியைக் குழைக்கலாம், ரீடை வளைத்து ஸ்வரத்தை இறக்கலாம். புதிய ஸ்ருதியிலும் அதே துளை, அதே மூச்சு. புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இதற்கு விலை நேரம். டெம்போ 120 என்றால் ஒரு எண்ணிக்கை அரை வினாடி, நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் இரண்டு வினாடி. நன்றாகப் பழகிய கைக்கும் வைத்து எடுக்க ஒன்றரை முதல் இரண்டு வினாடி ஆகிவிடும். அதாவது ஒரு முழு பார் மௌனம் தேவை. மெட்டில் அந்த மௌனம் இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. இல்லையென்றால் ரிகர்சலிலேயே அந்த பாரைக் கீபோர்டுக்கோ புல்லாங்குழலுக்கோ கேட்டு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பிட் கிடைக்கிறதே.

அரைக் கட்டை ஏறும் இடத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பழைய ஸ்ருதியின் ச, புதிய ஸ்ருதிக்குக் காகலி நிஷாதம் (ச-வுக்கு அரைப் படி கீழே இருக்கும் நி) ஆகிவிடும். அதனால் பழைய ஆர்கனில் கடைசியாகச் ச-வில் நீளமாக நின்று முடித்தால், கேட்கிறவர் காதில் அது அப்படியே நி ஆக மாறி, புதிய ச-வுக்கு ஏங்க ஆரம்பிக்கும். அந்த ஏக்கம் இருக்கும்வரை நாம் கை மாற்றிக்கொள்ளலாம். காலி இடமாகத் தெரியாது. அடுத்த ஆர்கனில் ச-வை எடுத்ததும் மெட்டு தானாக வந்து உட்காரும்.

இந்த வழியில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை அன்று இரவுக் கச்சேரி. பாட்டு 1 கட்டை, கடைசிச் சரணத்துக்கு 1½. ஸ்டூலில் இருந்து சி ஷார்ப் ஆர்கனை எடுத்தேன், நாலாவது துளையில் ஊதினேன், ச வந்தது. ஆனால் ஒரு ஸ்தாயி மேலே வந்தது. உடம்பு சில்லிட்டுப் போனது. அடுத்து அதே துளையில் உள்ளே இழுத்தேன். ரி வர வேண்டிய இடத்தில் நி வந்தது. ஆர்கனைத் தலைகீழாக எடுத்திருக்கிறேன். அப்படி எடுத்தால் நாலாவது துளை இருக்க வேண்டிய இடத்தில் ஏழாவது துளை வந்து நிற்கும். ஊதினால் அதிலும் ச-தான், இழுத்தால் நி. முதல் ஸ்வரம் சரிபோலவே ஏமாற்றிவிடுகிறது, இரண்டாவதில்தான் தெரிகிறது. திருப்பிப் பிடிப்பதற்குள் இரண்டு பார் போய்விட்டது. அன்றைய சோலோவை அந்தப் பாட்டுக்காகவே ஒரு மாதம் பழகியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆர்கனிலும் மேல் தகட்டின் இடது மூலையில், முதல் துளைப் பக்கம், மருந்துக்கடை பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டிவைத்திருக்கிறேன். மேடை இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை. கட்டை விரல் அந்தச் சொரசொரப்பைத் தொட்டதும் எது இடது, எது மேல் என்று தெரிந்துவிடும். ஸ்டூலில் ஒரு துண்டை மடித்து விரித்து, துளைகள் என்னைப் பார்த்தபடி, கட்டை வரிசையில் வைப்பேன். எடுத்ததை எடுத்த இடத்திலேயேதான் திரும்ப வைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மேல்விஷாரத்தில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லி, ஆறு ஆர்கன் செருகும்படி இடுப்புப் பெல்ட் ஒன்றும் செய்துகொண்டேன். நம் பக்கத்தில் தோலுக்கா பஞ்சம்? ஆனால் நின்றுகொண்டு வாசிக்கும்போதுதான் அது உதவுகிறது. உட்கார்ந்தால் வயிற்றில் இடிக்கிறது, ஸ்டூலே மேல்.

இரண்டாவது வழி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையிலேயே பிடித்துக்கொள்வது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜப்பான், சீனா, தைவான் பக்கம் டிரெமோலோ ஆர்கன் வாசிக்கிறவர்கள் சி-யையும் சி ஷார்ப்பையும் இப்படி அடுக்கிப் பிடித்துப் பன்னிரண்டு ஸ்வரத்தையும் எடுக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு தனி வித்தை அல்ல, சாதாரணப் பாடம். நம் வீடுகளில் மாமாவோ சித்தப்பாவோ வைத்திருக்கும் நீளமான 24 துளை ஆர்கன் பெரும்பாலும் அந்த டிரெமோலோ வகைதான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசத்தில் ஸ்ருதி சேர்த்திருப்பார்கள். அதனால்தான் அந்த நடுக்கம் வருகிறது.

பத்துத் துளையிலும் இதைச் செய்யலாம். கீழே சி, மேலே சி ஷார்ப். மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்த குழந்தை சரளி வரிசையில் முதன்முதலாகப் பாடும் ராகம் அது. ஆனால் நம் சி ஆர்கனில் அதன் ரி-யும் த-வும் கிடையாது. இரண்டு ஆர்கன் இருந்தால் எப்படி வருகிறது பாருங்கள். சி ஆர்கனில் நாலாவது துளையில் ஊதினால் ச. மூச்சை நிறுத்தாமல் உதட்டை மட்டும் மேல் ஆர்கனுக்கு ஏற்றினால், அதே நாலாவது துளையில் சுத்த ரிஷபம் (ச-வுக்கு அரைப் படி மேலே இருக்கும் ரி). கீழே வந்து ஐந்தாவது துளையில் ஊதினால் க, இழுத்தால் ம, ஆறாவதில் ஊதினால் ப. மறுபடி உதடு மேலே ஏறினால் அதே ஆறாவது துளையில் சுத்த தைவதம் (ப-வுக்கு அரைப் படி மேலே இருக்கும் த). கீழே வந்து ஏழாவதில் இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. மொத்த ஆரோகணத்திலும் மேல் ஆர்கனுக்கு இரண்டே முறைதான் போகிறோம். இரண்டு முறையும் துளையும் மாறவில்லை, மூச்சும் மாறவில்லை. செங்குத்தாக ஏறி இறங்கினால் போதும். இரண்டு வரிசைத் துளைகளுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தூரம். தலையை ஆட்ட வேண்டாம், மணிக்கட்டைச் சற்றுக் கீழே இறக்கினால் மேல் ஆர்கன் தானே உதட்டுக்கு வந்துவிடும்.

இதே ஜோடி, கடைசிச் சரணத்தில் அரைக் கட்டை ஏறும் பாட்டுக்கும் உதவுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1-லிருந்து 1½-க்கு ஏறினாலும் சரி, ஜி-யை ஷட்ஜமாக வைக்கும் ஹரிகாம்போதி முறையில் 5-லிருந்து 5½-க்கு ஏறினாலும் சரி, கீழ் ஆர்கனில் இருந்து மேல் ஆர்கனுக்குக் குடிபெயர்ந்துவிடலாம். ஒரு எண்ணிக்கைக்குள் முடிந்துவிடும். கீழே வைத்து எடுப்பதில் போகும் ஒரு முழு பாரும் மிச்சம்.

சி-யோடு எஃப் ஆர்கனை அடுக்குவது இன்னொரு ஜோடி. சி-யின் கீழ் ஸ்தாயியில் இல்லாத ம-வும் த-வும் எஃப் ஆர்கனின் முதல் இரண்டு துளைகளில் ஊதினாலே கிடைக்கும். அதுவும் நமக்கு வேண்டிய அதே ஸ்தாயியில் கிடைக்கும். மோகனத்தைக் கீழ் ஸ்தாயியிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் இந்த ஜோடியை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். எஃப்-இன் ஐந்தாவது துளையில் இழுத்தால் கைசிகி நிஷாதமும் (காகலிக்கு அரைப் படி கீழே இருக்கும் நி) கூடவே வரும்.

அடுக்கிப் பிடிப்பதில் குறைகளும் இருக்கின்றன. கை இரண்டு ஆர்கனின் பாரத்தைத் தாங்குவதால் கூப்பி மூடித் திறக்கும் குழைவு பெரும்பாலும் போய்விடும். ஒரு ஆர்கனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வெட்டு விழும். ச-விலிருந்து சுத்த ரிஷபத்துக்கு வழுக்கிப் போக முடியாது, தாண்டித்தான் போக முடியும். கமகம் கேட்கும் மெட்டுக்கு இது ஆகாது. இரண்டு தகடும் உரசிக் கிளிக் கிளிக் என்று மைக்கில் விழும் தொல்லையும் உண்டு. அதற்கு மட்டும் எளிய மருந்து இருக்கிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பரிடம் வெட்டுத் தோல் ஒரு துண்டு வாங்கி நடுவில் வைத்தேன். சத்தமும் நின்றது, பிடியும் வழுக்காமல் நிற்கிறது. ரப்பர் பேண்டு போட்டு இறுக்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தகடு அமுங்கி உள்ளே ரீடைத் தொட்டுவிட்டால் அந்த ஸ்வரம் ஊமையாகிவிடும்.

அடுக்குவதற்குப் பதிலாக முதுகோடு முதுகு வைத்துப் பிடித்து, சப்பாத்தி திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்பும் முறையும் ஒன்று உண்டு. உதட்டின் பக்கம் இருப்பதில் எண் போட்ட தகடு மேலே இருந்தால், வெளியே பார்த்திருப்பதில் அது கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் திருப்பிய பிறகு இடது இடதாகவே நிற்கும். ஸ்ருதி ஒரே ஒருமுறை மாறும் பாட்டுக்கு நல்லது. அன்னிய ஸ்வரத்துக்கு இது வேகம் போதாது.

இனி அவன் கேட்ட குரோமாட்டிக்குக்கு வருகிறேன். 12 துளை, 48 ரீடு, வலது பக்கம் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் அரைப் படி ஏறும். சற்று முன் உதட்டை மேலே ஏற்றி எடுத்தோமே, அதையே ஒரு விரலால் செய்கிறோம். சி-யையும் சி ஷார்ப்பையும் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்தாயியும் நாலு துளைக்குள் முழுதாக இருக்கும், கீழே ம த இல்லை என்ற குறையே கிடையாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டூட்ஸ் தீலமான்ஸ் இதை வைத்துக்கொண்டு ஜாஸ் மேடைகளில் வாழ்நாள் முழுக்க வாசித்தார். லாரி ஆட்லர் முழு ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். எத்தனை முறை ஸ்ருதி மாறினாலும் கருவி மாற வேண்டியதில்லை.

ஆனால் அதில் பன்னிரண்டு ஸ்ருதியும் இருக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டு ஸ்ருதியும் நம் வாயில் வந்துவிடாது. சின்ன ஆர்கனில் ஒரு மெட்டைக் கற்றால், ஆர்கனை மாற்றி எந்தக் கட்டையிலும் அப்படியே வாசிக்கலாம். குரோமாட்டிக்கில் 1 கட்டையில் கற்ற மெட்டை 1½-இல் வாசிப்பதுகூட எளிது, பட்டனை அழுத்தியே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வந்துவிடும். 2½-க்கோ 4½-க்கோ போனால் மூச்சின் வரிசையே புதிது. ஒவ்வொரு ஸ்ருதிக்கும் தனித்தனியாக உழைக்க வேண்டும். இரண்டு வருடம் தினமும் ஒரு மணி நேரம் உட்காரும் பொறுமை இருந்தால்தான் மேடையில் தைரியம் வரும்.

குரலும் வேறு. குரோமாட்டிக்கின் நாதம் உருண்டையாக, அமைதியாக இருக்கும். சின்ன ஆர்கனின் அழுகை அதில் வராது. ரீடுகளுக்கு மேல் காற்று வீணாகாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் வால்வு ஒட்டியிருப்பார்கள். அது ரீடை ஆழமாக வளைய விடாது. அந்த வால்வுதான் குளிர்காலத்தில் படுத்தும். மார்கழி இரவில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது பாகாயம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று குரோமாட்டிக்கை எடுத்து ஊதினேன். வெளிக்காற்றில் சில்லென்று இருந்த தகட்டில் மூச்சின் ஈரம் படிந்து வால்வு ஒட்டிக்கொண்டது. ஸ்வரம் வருவதற்கு முன் ஒரு 'பட்' சத்தம், அப்புறம் ஒரு கரகரப்பு. அடுத்த வீடு வரும்வரை சட்டைக்குள் வைத்துச் சூடு பண்ணிய பிறகுதான் சரியாயிற்று. குரோமாட்டிக் வைத்திருக்கிறவர்கள் வாசிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அதை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். நம் அக்னி நட்சத்திர வெயிலில் இந்தக் கவலை இல்லை, அப்போது தகடு உதட்டைச் சுடும் கவலைதான். விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல குரோமாட்டிக் வாங்கும் பணத்தில் நல்ல பத்துத் துளை ஆர்கன் மூன்று நாலு வாங்கிவிடலாம். பழுது பார்க்கவும் நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாலாவது வழி, எதையும் மாற்றாமல் கையில் இருக்கும் ஒன்றிலேயே இல்லாத ஸ்வரத்தை வரவழைப்பது. வாய்க்குள் நாக்கின் இடத்தை மாற்றி, உள்ளே இழுக்கும் காற்றின் போக்கைத் திருப்பினால் ரீடு வளைந்து ஸ்வரம் இறங்கும். சி ஆர்கனில் நாலாவது துளையை இழுத்து வளைத்தால் டி, சி ஷார்ப்பாக இறங்கும். அதுதான் சுத்த ரிஷபம். ஆறாவதை இழுத்து வளைத்தால் சுத்த தைவதம். அப்படியென்றால் மாயாமாளவகௌளை முழுவதும் நடு ஸ்தாயியில் ஒரே ஆர்கனில் இருக்கிறது! இரண்டு ஆர்கன் வேண்டும் என்று மேலே சொன்னேனே, வளைக்கத் தெரிந்தவருக்கு ஒன்றே போதும். கமகமும் இங்கேதான் கிடைக்கும். மேலிருந்து வழுக்கி இறங்கி அந்த ரிஷபத்தில் நிற்கும்போது வரும் சுகம், பட்டனிலும் இல்லை, அடுக்கிலும் இல்லை. இரண்டாவது துளையிலும் மூன்றாவது துளையிலும் இன்னும் ஆழமாக வளைத்தால், கீழ் ஸ்தாயியில் காணாமல் போன ம-வும் த-வும்கூட வந்துவிடும்.

வளைத்த ஸ்வரம் நிற்காது என்பதுதான் இதன் பிரச்சினை. ஒரு கணம் தொட்டுவிட்டுப் போனால் அழகு. நாலு எண்ணிக்கை அதே இடத்தில் நிற்கச் சொன்னால் ஸ்ருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும். தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் தினமும் பத்து நிமிடம் பிடித்து நிற்கப் பழக வேண்டும். அமெரிக்கரான ஹோவர்ட் லெவி இதற்கும் ஒரு படி மேலே போய், ஓவர்ப்ளோ என்ற முறையில் பத்துத் துளையிலேயே பன்னிரண்டு ஸ்வரமும் வாசித்துக் காட்டினார். ஆறாவது துளையில் அப்படி ஊதினால் கைசிகி நிஷாதம் வரும். ஆனால் ரீடின் இடைவெளியை மிகத் துல்லியமாக அமைத்த ஆர்கன் வேண்டும், வருடக்கணக்கில் சாதகமும் வேண்டும். ஆசை இருப்பவர்கள் போகலாம், கச்சேரித் தேதி குறித்துவைத்துக்கொண்டு கற்க வேண்டியது அல்ல.

ரீடின் ஸ்ருதியையே மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. மூன்றாவது துளையில் ஊதும் ரீடின் நுனியை மெல்லச் சுரண்டி ப-வை த-வாக ஏற்றிவிடுவதை பேடி ரிக்டர் என்கிறார்கள். நியூசிலாந்தின் பிரெண்டன் பவர் பரப்பிய முறை. ப இரண்டாவது துளையில் இழுத்தாலும் கிடைக்கும் என்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, மோகனத்தின் கீழ் ஸ்தாயி முழுமையாகிவிடும். லீ ஆஸ்கர் கம்பெனி ஹார்மோனிக் மைனர் ஆர்கனே தனியாகச் செய்கிறது. நம் கணக்கில் அது கீரவாணி. கீரவாணிப் பாட்டு நிறைய வாசிக்கும் குழுவுக்கு அப்படி ஒன்று பெட்டியில் இருப்பது பெரிய உதவி. காலால் மிதித்து ஸ்ருதியை ஏற்றும் எலக்ட்ரானிக் பெடலையும் சிலர் சொல்கிறார்கள். அரைக் கட்டைக்குப் பரவாயில்லை. ஆனால் நம் வாயிலிருந்து வரும் நிஜ ஒலியும் ஸ்பீக்கரில் வரும் ஒலியும் இரண்டு ஸ்ருதியில் ஒரே நேரத்தில் காதில் விழும், எனக்கு அது ஒத்துவரவில்லை.

இத்தனையும் எழுதிப் பார்த்த பிறகு என் முடிவு இதுதான். கருவியை வைத்து முடிவு செய்யக் கூடாது, மெட்டில் மூச்சு விடும் இடம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஒரு பார் இருந்தால் கீழே வைத்து எடு. ஒரு எண்ணிக்கைதான் இருக்கிறது என்றால் அடுக்கிப் பிடி. அதுவும் இல்லாமல் ஒரே ஸ்வரம் வந்து போகிறது என்றால் வளை. ஒரே பாட்டில் நாலைந்து முறை ஸ்ருதி ஓடுகிறது, அப்படிப்பட்ட பாட்டுகளே உனக்குப் பிடிக்கிறது என்றால் குரோமாட்டிக்.

பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டே ஆர்கன் கற்கும் பிள்ளைகளுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன். அவர்களுக்கு ஸ்ருதி மாறுவதே இல்லை. ஒரே கட்டையில் எல்லா ராகமும் வேண்டும். அவர்கள் ஆரம்பத்திலேயே குரோமாட்டிக் எடுப்பது நியாயம். கமகத்துக்காகச் சின்ன ஆர்கன் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளட்டும். நடந்துகொண்டே வாசிக்கும் கேரல் குழுவில் ஸ்டூலும் கிடையாது, மைக்கும் கிடையாது. அங்கே பாக்கெட்டில் இரண்டு, கையில் இரண்டு என்பதே சௌகரியம்.

அக்கா மகனுக்கு, மேடை மெல்லிசைதான் ஆசை. அவனிடம் ஏற்கெனவே சி ஒன்று இருக்கிறது. அதனால் சி ஷார்ப், எஃப் இரண்டும் உடனே வாங்கச் சொன்னேன். ஜி, ஏ இரண்டும் அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம். மிச்சப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, ஒரு வருடம் கழித்தும் குரோமாட்டிக் ஆசை இருந்தால் வாங்கட்டும். அடுக்கிப் பிடிக்கும் பழக்கம் வந்த கைக்குப் பட்டன் சீக்கிரம் பழகிவிடும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதானே. எந்த ஸ்வரத்துக்கு மேலே போக வேண்டும் என்பது அதற்குள் மனதில் பதிந்திருக்கும். ஊரில் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் சி மட்டும்தான் எடுத்து வைக்கிறார்கள். சி ஷார்ப்பை ஆன்லைனில்தான் சொல்லியிருக்கிறோம். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும் என்று வற்புறுத்தினேன். துளையின் அகலமும் தகட்டின் உயரமும் மாறினால் உதடு தடுமாறும்.

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டி நடக்கும் கச்சேரி ஒன்றில் அவனுக்கு இரண்டு பாட்டு கொடுத்திருக்கிறோம். ஒன்றில் கடைசிச் சரணத்துக்கு முன் 1-லிருந்து 1½-க்கு ஏறுகிறது, அந்த இடத்தில் அவனுக்குக் கிடைப்பது ஒன்றரை எண்ணிக்கை. இப்போதைக்கு இரண்டு பழைய சோப்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் தோல் துண்டைச் செருகி, உதட்டை ஏற்றி இறக்கிப் பழகிக்கொண்டிருக்கிறான். பார்சல் வியாழக்கிழமை வரும் என்று மெசேஜ் வந்திருக்கிறது.